செம்பி சுட்ட மதில்

ஒரு ஊர்ல ஒரு... இல்ல கயலு, அப்போ அது ஊரே இல்ல. ரெண்டு பாதை ஒண்ணையொண்ணு வெட்டிக்கற எடம், அவ்வளவுதான். கிழக்கேர்ந்து உப்பு வண்டி வரும். மேக்கேர்ந்து மிளகுப் பொதி சுமந்துக்கிட்டு மாடுங்க வரும். ஜல் ஜல், ஜல் ஜல்னு. வெயில் ஏறினதும் எல்லாம் ஒரு மருத மரத்தடியில நின்னு மூச்சு வாங்கும்.

காலை எடுத்து பெரியம்மா மேல போட்டுக்கோ, பரவாயில்ல. ஆனா 'ம்' கொட்டணும். நீ 'ம்' சொல்லலேன்னா தூங்கிட்டேன்னு நெனச்சு நான் நிறுத்திடுவேன்.

"ம்."

அந்த மரத்துக்குப் பக்கத்துல செங்கல் சூளை போட்டுக்கிட்டு புருஷனும் பொண்டாட்டியும் இருந்தாங்க. அவன் பேரு கூத்தன். அவ பேரு செம்பி. கூத்தன் மண்ணு வெட்டுவான். செம்பி தண்ணி விட்டு, சதக் சதக்னு மிதிச்சு, அச்சுல போட்டு அறுப்பா. அவங்களுக்கு ரொம்ப வருஷம் கழிச்சு ஒரே ஒரு பொண்ணு பொறந்துச்சு, தத்தைன்னு பேரு. அது நடக்க ஆரம்பிச்சதே சேத்துலதான்.

அப்புறம் என்னாச்சு, வண்டிச் சக்கரம் உடைஞ்சா சரிபண்ண ஒரு கொல்லன் வந்து உக்காந்தான். அவனுக்கு உலை கட்டச் செங்கல் வேணும். யாருகிட்ட வாங்கினான்?

"செம்பிகிட்ட."

ஆமா. அப்புறம் செக்கு ஆட்டறவங்க வந்தாங்க. அப்புறம் நெசவு நெய்யறவங்க நாலு குடும்பம் வந்துச்சு. அப்புறம் துணி யாவாரி, வெத்தல யாவாரி, கண்ணாடி வளையல் யாவாரி. எல்லாருக்கும் சுவரு வேணும். எல்லாருக்கும் செம்பிதான் கல்லு சுட்டுக் குடுத்தா. பத்தே வருஷம். மருத மரத்தைச் சுத்தி நாலு தெரு. காலைல எழுந்தா தறிச் சத்தம் டக்கு டக்கு, செக்குச் சத்தம் கிர்ர் கிர்ர், கொல்லன் சத்தம் டங்கு டங்கு. இப்போ அது ஊரு. ஊருக்கு நல்லங்காடின்னு பேரும் வெச்சாச்சு.

ஊருன்னு ஆனா சபைன்னு ஒண்ணு வருமில்ல? யாவாரிங்கல்லாம் சேந்து ஒரு சபை வெச்சாங்க. அதுக்குத் தலைவரு ஏழூராருன்னு ஒருத்தர். ஏழு ஊர்ல கடை வெச்சிருந்தவரு. கெட்டவரு இல்ல அவரு. முதல் முதல்ல ஒத்தை மாட்டோட அந்தப் பக்கம் வந்தப்போ செம்பி வீட்டுல கூழு குடிச்சவரு. அதை அவரு மறக்கவும் இல்ல. ஒருநாள் அவரே நடந்து வந்தாரு.

"கூத்தா, சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதே. உன் சூளைப் புகை துணிக்கடைக்குள்ள வருது. வெள்ளைத் துணியெல்லாம் கறுத்துப் போகுது. கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கோயேன்."

"தள்ளின்னா எங்கங்க?"

"அதோ, அந்த ஆலமரத்துக்கு அந்தாண்ட."

கூத்தன் செம்பியைப் பாத்தான். செம்பி சொன்னா, "போவோம். கல்லு சுடுறவ எங்கே இருந்தா என்ன, மண்ணு இருந்தா சரி."

போனாங்க. புதுசா கெணறு வெட்டினாங்க, புதுசா சூளை போட்டாங்க.

"ம்."

ஊரு சும்மா இருக்குமா? வளந்துச்சு. நடுவுல கோயில் எழும்பிச்சு. கோயிலுக்கு அடில கருங்கல்லு, மேல செங்கல்லு. அத்தனையும் செம்பி சுட்டது. கோயில் வந்தா தேரு வரும். தேரு வந்தா அது ஓட அகலமா தெரு வேணும். கயிறு புடிச்சு அளந்துக்கிட்டே வந்தாங்க. கயிறு நேரா வந்து சூளை மேல விழுந்துச்சு.

அப்போ ஏழூராரு மறுபடியும் வந்தாரு. இந்தத் தடவ நடந்து வரல, பல்லக்குல வந்தாரு. "சாமி காரியம் கூத்தா," அப்படின்னாரு.

சாமி காரியம்னா யாரு என்ன பேசறது? வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் போனாங்க. அங்கே மேல் மண்ணு கரிசல். சுட்டா பட்டு பட்டுனு வெடிச்சுப் போவுது. நல்ல மண்ணு வேணும்னா ஆழமா வெட்டணும். கூத்தன் ஆழமா வெட்டினான். ஒரு ஐப்பசி மாசம், நல்ல மழை பேஞ்சு விட்ட மறுநாளு, குழிக்குள்ள நின்னுக்கிட்டு இருந்தான். கரை பொதக்னு சரிஞ்சுது.

செம்பி கையாலயே தோண்டினா. தத்தையும் தோண்டினா. அவளுக்கு அப்போ ஏழு வயசு.

"வெளில எடுத்துட்டாங்களா?"

எடுத்தாங்க கண்ணு. ஆனா மூச்சு இல்ல.

அப்புறம் செம்பி ஒத்தையிலதான் சூளை பாத்தா. ஊரு அவளுக்காக நிக்குமா? ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு சந்தை நாளு. பட்டப்பகல்ல கொள்ளைக்காரங்க குதிரை மேல வந்து, தடதடதடன்னு கடைத்தெருவுக்குள்ள பூந்து, வாரிக்கிட்டு, துணிக்கடைக்கெல்லாம் தீ வெச்சுட்டுப் போயிட்டாங்க. ஊரே நடுங்கிப் போச்சு. சபை கூடிச்சு. ஊரைச் சுத்தி மதில் கட்டணும்னு முடிவாச்சு.

ஏழூராரு செம்பியைக் கூப்பிட்டு விட்டாரு.

"செம்பி, மதிலுக்குக் கல்லு நீதான் சுடணும். ஆளு எத்தனை வேணும்னாலும் தர்றேன்."

செம்பி கேட்டா, "மதில் எதுவரைக்கும் வருதுங்க?"

"வாய்க்கால் வரைக்கும்."

"அப்போ நான் வெளியிலயாங்க?"

 அவரு சொன்னாரு: "சூளையை உள்ளே விட முடியாதும்மா. ஆனா உனக்கும் உன் பொண்ணுக்கும் உள்ளே ஒரு மனை தர்றேன். பகல்ல போயி சூளையைப் பாரு, பொழுது சாஞ்சா உள்ளே வந்து படு. என் வாக்கு."

செம்பிக்கு அது போதும். தனக்குன்னு அவ கேக்கவே இல்ல. வயசுப் பொண்ணா வளரப் போற தத்தைக்கு ஒரு கதவு வேணும், தாழ்ப்பாள் வேணும். அதுக்காக ரெண்டு வருஷம், கயலு, அவ உடம்பை உடம்புன்னு பாக்கல. மிதிச்சா, அறுத்தா, அடுக்கினா, சுட்டா. மூணு ஆள் உசரத்துக்கு மதில் எழும்பி எழும்பி வந்துச்சு.

கடைசி சூளைல தீ போட்ட அன்னைக்கு மழை புடிச்சுக்கிச்சு. தீ பாதில அவிஞ்சு போச்சு. கல்லு மேல செவப்பா இருக்கு, உள்ளே பச்சை மண்ணு. செம்பி சொன்னா, "இது வேகலைங்க. கழிச்சிருவோம்." மதில் வேலை பாத்த மேஸ்திரி கேக்கல. "இன்னும் பத்து முழந்தான் பாக்கி. வெச்சுப் பூசிட்டா யாருக்குத் தெரியப் போகுது?" அப்படின்னான். வாய்க்காலைப் பாத்த பக்கம், மழைத்தண்ணி வடியறதுக்கு ஒரு ஓட்டை விட்டிருந்தாங்க. அதைச் சுத்தி அந்த வேகாத கல்லை வெச்சுப் பூசிட்டாங்க. அது செம்பிக்குத் தெரியும். கூடமாட இருந்த தத்தைக்கும் தெரியும்.

"மனை குடுத்தாங்களா பெரியம்மா?"

இந்த வருஷம் குதிரை யாவாரிங்க வந்துட்டாங்க, அவங்களுக்குக் குடுத்தாச்சு, அடுத்த வருஷம்னாங்க. அடுத்த வருஷம் இன்னொண்ணு சொன்னாங்க. செம்பி வெளியிலதான் இருந்தா. அவ பக்கத்துல துணி வெளுக்கற காத்தாயி, காத்தாயி புருஷன் பிச்சன், அவனோட கெழட்டு அம்மா, ஒரு சின்னக் கொழந்தை, இன்னும் பத்துப் பன்னெண்டு குடும்பம். ஊருக்கு வேலை செய்யறவங்க எல்லாம் வெளியிலதான். காலைல கதவு தெறந்தா உள்ளே போவாங்க, சாயங்காலம் வெளியில வந்துருவாங்க.

தத்தைக்கு அப்போ பன்னெண்டு வயசு. உள்ளே நெசவுத் தெருவுல உமையாளுன்னு ஒருத்தி வீட்டுக்கு நூல் சுத்தப் போவா. உமையாளுக்கு நாலு புள்ளைங்க, எல்லாம் பொடிசு. தத்தைன்னா அதுங்களுக்கு உசுரு.

ஒருநாள் உச்சி வெயில்ல டம் டம் டம்னு பறை அடிச்சாங்க. 'கிழக்குப் பாதையில முத்து போட்டிருக்கு, ஊரு ஊரா வருது. கதவு சாத்தறோம். ஒரு மண்டலத்துக்கு யாரும் உள்ளே வரக்கூடாது, யாரும் வெளியே போகக்கூடாது.' முத்துன்னா அம்மை, கண்ணு. அப்போல்லாம் அதுக்கு மருந்து கெடையாது. வேப்பிலையும் இளநீருந்தான்.

செம்பி சூளையிலேர்ந்து அப்படியே சேத்துக் காலோட ஓடி வந்தா. கிரீச்... டமார்! கதவு சாத்தியாச்சு.

"என் பொண்ணு உள்ளே இருக்குது! அவளை வெளியில விடுங்க, இல்லேன்னா என்னை உள்ளே விடுங்க!"

காவல் இருந்தவன் கதவு இடுக்குல வாயை வெச்சுச் சொன்னான், "அக்கா, கட்டளை. தெறந்தா என் தலை போயிரும். உன் பொண்ணு உள்ளே பத்திரமாத்தானே இருக்கா? நிம்மதியா போ."

போனா. வேற என்ன செய்வா? மறுநாள் காலைல மதிலோரமா நடந்து அந்த ஓட்டைக்கு வந்தா. கை நுழையாது அதுல. குரல் நுழையும். "தத்தே, தத்தே"ன்னு கூப்பிட்டா.

தத்தையும் அதே நெனப்புல அங்கே வந்து உக்காந்திருந்தா.

"அம்மா!"

"சாப்பிட்டியா?"

"கம்மஞ்சோறு குடுத்தாங்க. நீ சாப்பிட்டியா?"

"ம், ஆச்சு."

அப்புறம் தினமும் அப்படித்தான். காலைல ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ. ஒருநாள் தத்தை ரகசியமா கேட்டா, "அம்மா, இங்கே சுத்தி இருக்கறதெல்லாம் வேகாத கல்லுதானே? நகத்தால சொரண்டினாலே உதிரும். எடுத்துட்டு வந்துடவா?"

"வேணாண்டி. காவக்காரன் பாத்தா அடிப்பான்."

அதுக்குள்ளே வெளியில முத்து வந்துடுச்சு, கயலு. காத்தாயி கொழந்தைக்குத்தான் மொதல்ல போட்டுச்சு. மூணு வயசுப் பொண்ணு. காத்தாயி மூணு நாளு கண்ணு முழிச்சு அவளும் விழுந்துட்டா. அக்கம்பக்கத்துக்காரங்க மூட்டை கட்டிக்கிட்டு ஓடிட்டாங்க. செம்பி ஓடல. மதிலுக்குள்ள பொண்ணை வெச்சுக்கிட்டு எங்கே ஓடுவா? அந்தக் கொழந்தையைத் தூக்கி மடியில போட்டுக்கிட்டு வேப்பிலையால தடவிக் குடுத்தா. இளநீரைச் சொட்டு சொட்டா வாயில விட்டா. கொழந்தை பொழைச்சுக்கிச்சு. காத்தாயி பொழைக்கல. பிச்சனோட அம்மாவும் பொழைக்கல.

அப்புறம் செம்பிக்கு ஒருநாள் காலைல தலை கொதிச்சுது.

அன்னைக்குத் தத்தை ரெண்டாந்தடவ கேட்டா. "அம்மா, இன்னைக்குக் காவக்காரன் அந்தப் பக்கம் இருக்கான். கல்லை எடுக்கவா? நீ அந்தப் பக்கத்துலேர்ந்து எடு, நான் இந்தப் பக்கத்துலேர்ந்து எடுக்கறேன்."

"வேணாம் கண்ணு. சூளைல தீ போட்டிருக்கேன். விட்டுட்டு வர முடியாது."

"தீ போட்டா புகை வருமே. வேப்ப மரத்துல ஏறிப் பாத்தேன். புகையே இல்லியே?"

"வெறகு ஈரம்."

"ஈர வெறகுன்னா இன்னும் நெறைய புகையுமே அம்மா?"

 சூளைக்காரி பொண்ணுகிட்ட சூளையில பொய் சொன்னா எடுபடுமா?

தூங்கிட்டியா?

"இல்ல. சொல்லுங்க."

மூணாந்தடவ தத்தை கேக்கவே இல்ல. மறுநாள் செம்பி சுவரைப் புடிச்சுப் புடிச்சு அந்த எடத்துக்கு வந்து உக்காந்தா, உள்ளேர்ந்து கரக், கரக், கரக்னு சத்தம். மண்ணு உதிர்ற சத்தம்.

"தத்தே, என்னடி பண்றே?"

"பேசாம இரும்மா. ரெண்டு கல்லு வந்துருச்சு. இன்னும் கொஞ்சந்தான்."

"நிறுத்து."

"ஏம்மா?"

"நிறுத்துன்னு சொன்னேன்ல?"

கரக் கரக்னு நிக்கவே இல்ல. அப்போ செம்பி ஓட்டைக்குப் பக்கத்துல வாயைக் கொண்டு போனா, அப்புறம் பின்னாடி இழுத்துக்கிட்டா. தன்னோட மூச்சு உள்ளே போயிரக் கூடாதுன்னு. முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டுச் சொன்னா:

"தத்தே, அம்மாவுக்கு முத்து போட்டிருக்கு."

உள்ளே சத்தம் நின்னுச்சு.

"உமையாளு வீட்டுல எத்தனை புள்ளைங்க?"

"...நாலு."

"அதுங்க நல்லாயிருக்கா?"

"இருக்கு."

"இந்தக் கல்லை எடுத்தா நான் உன்னைத் தொடுவேண்டி. என்னால தொடாம இருக்க முடியாது. நீ போயி அதுங்களைத் தொடுவே. காத்தாயி வீட்டுல என்னாச்சுன்னு நான் என் கண்ணால பாத்தேன். வேணாம்."

உள்ளேர்ந்து அழுகைதான் வந்துச்சு. செம்பி கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கிட்டே இருந்தா. அப்புறம் வாய்க்காலுக்குப் போனா. அவளால நடக்கக்கூட முடியல, தவழ்ந்துதான் போனா. ரெண்டு கை நெறைய களிமண்ணு அள்ளிட்டு வந்தா. பெசைஞ்சா. உருட்டினா.

"அம்மா, என்ன சத்தம் அது?"

"கேளுடி. காலையும் சாயங்காலமும் நான் கல்லால தட்டுவேன். பதிலுக்கு நீயும் தட்டு. பேச்சு வேணாம்."

"அம்மா, வேணாம்மா, அடைக்காதேம்மா..."

செம்பி அடைச்சுட்டா, கயலு. அந்த ஓட்டையைக் களிமண்ணு வெச்சு, கட்டை விரலால அழுத்தி அழுத்தி, ஒரு கீறல் இல்லாம அடைச்சுட்டா.

"ஏன் பெரியம்மா? பேசிக்கிட்டாவது இருக்கலாம்ல?"

பேசிக்கிட்டே இருந்தா பொண்ணு கல்லை எடுத்துடுவா. இல்லேன்னா இவளே எடுத்துடுவா. அவளுக்கு அவளைத் தெரியும்.

அன்னைக்குச் சாயங்காலம் வெளியிலேர்ந்து டொக், டொக், டொக். உள்ளேர்ந்தும் டொக், டொக், டொக். மறுநாளும் மூணு. அதுக்கு மறுநாள் ரெண்டு. அப்புறம் ஒருநாள் ரொம்ப நேரம் கழிச்சு, மெதுவா ஒரே ஒரு டொக்.

அதுக்கப்புறம் உள்ளேர்ந்து மட்டுந்தான் தட்டற சத்தம் கேட்டுச்சு. தினமும் கேட்டுச்சு. உமையாளு வந்து கூப்பிடுவா, "வாடி கண்ணு, போதும்." இவ வர மாட்டா. இன்னும் ஒரு தடவ, இன்னும் ஒரு தடவன்னு தட்டிக்கிட்டே உக்காந்திருப்பா.

ஒரு மண்டலம் முடிஞ்சுது. டம் டம்னு பறை அடிச்சாங்க. கிரீச்னு கதவு தெறந்துச்சு. தெறந்த ஒடனே வண்டிங்க வரிசையா கெளம்பிச்சு. உப்பு போகணும், மிளகு வரணும், நாப்பத்தெட்டு நாளு யாவாரம் நின்னு போச்சுல்ல? ஜல் ஜல் ஜல்னு ஒரே நெரிசல். அந்தச் சக்கரத்துக்கும் மாட்டுக்காலுக்கும் நடுவுல பூந்து தத்தை ஓடினா.

சூளை ஆறிக் கெடந்துச்சு. அறுத்து வெச்சிருந்த பச்சைக் கல்லெல்லாம் மழையில கரைஞ்சு சேறா போயிருந்துச்சு. குடிசைல யாரும் இல்ல.

துணி வெளுக்கற தொறைப் பக்கம் பிச்சன் உக்காந்திருந்தான். அவனுக்கும் முத்து போட்டு எறங்கியிருந்துச்சு. ரெண்டு கண்ணும் போயிடுச்சு. அந்த மூணு வயசுக் கொழந்தை அவன் விரலைப் புடிச்சுக்கிட்டு நின்னுச்சு.

"மாமா, எங்க அம்மா எங்கே?"

குரலைக் கேட்டதும் பிச்சனுக்கு வாய் கோணிப்போச்சு. "வாம்மா"ன்னு எழுந்து, கொழந்தை விரலைப் புடிச்சுக்கிட்டே கரைமேட்டுக்குக் கூட்டிட்டுப் போனான். அங்கே மூணு மண்மேடு இருந்துச்சு, பக்கத்துப் பக்கத்துல, ஒரே மாதிரி.

"ஒண்ணு என் பொண்டாட்டி. ஒண்ணு என்னைப் பெத்தவ. ஒண்ணு உங்கம்மா. நான்தாம்மா வெச்சேன். அப்போவே எனக்குக் கண்ணு மங்கிடுச்சு. எது எதுன்னு இப்போ தடவிப் பாத்தாலும் தெரிய மாட்டேங்குது. மன்னிச்சுக்கோ தாயி."

 தத்தை ஒவ்வொரு மேட்டுகிட்டயா போயி உக்காந்து கையை வெச்சுப் பாத்தா. மண்ணு ஏதாவது சொல்லுமான்னு. அப்புறம் வாய்க்கால்ல போயி ஒரு குடம் தண்ணி மொண்டுட்டு வந்தா. மூணு மேட்டுக்கும் ஊத்தினா. எதுக்கும் கொறைக்காம, எதுக்கும் கூட்டாம.

ஏழூராரு வந்தாரு. இந்தத் தடவ நடந்துதான் வந்தாரு. தலைப்பாகை இல்ல. "அம்மா, உங்கம்மாவுக்குச் சொன்ன மனையை எழுதிட்டேன். நெசவுத் தெருவுலயே. நீ வந்து இருந்துக்கோ."

தத்தை நிமிந்து அவரைப் பாத்தா. "இப்போ எதுக்குங்க?" அப்படின்னு மட்டுந்தான் கேட்டா. அவரு அங்கேயே நின்னுக்கிட்டு இருந்தாரு. இவ காலிக் குடத்தை இடுப்புல வெச்சுக்கிட்டுப் பிச்சனோட குடிசைக்குப் போயி, அந்தக் கொழந்தைக்குக் கஞ்சி காய்ச்சினா.

"அப்புறம்?"

அப்புறம் பெரியவளானா. அந்தக் கொழந்தையை வளத்தா. நூலு சுத்தினா, தறி போட்டா. தெனம் காலைல மூணு மேட்டுக்கும் தண்ணி ஊத்துவா. ஊரு இன்னும் வளந்துச்சு கயலு. ஒரு மதில் போதுமா அதுக்கு? மதிலைத் தாண்டி வந்துச்சு, வாய்க்காலைத் தாண்டி வந்துச்சு. மேடெல்லாம் நெரவி, அந்த எடத்துல பெரிய தெரு போட்டாங்க. இந்தாண்ட கடை, அந்தாண்ட கடை, நடுவுல வண்டி. மண்மேடு இருந்த எடமே தெரியல.

தத்தைக்கு மட்டும் தெரியும். தலை நரைச்சு, கூன் விழுந்து போச்சு அவளுக்கு. ஆனாலும் காலைல குடத்தை எடுத்துக்கிட்டு நடுத்தெருவுல வந்து நிப்பா. ஒரு எடத்துல ஊத்துவா, ரெண்டு அடி நடப்பா, ஊத்துவா, ரெண்டு அடி நடப்பா, ஊத்துவா. வெளியூர் வண்டிக்காரன் எவனாவது "ஏய் கெழவி, நவுரு!"ன்னு கத்துவானாம். உள்ளூர்க்காரங்க மாட்டுக் கயித்தைப் புடிச்சு இழுத்து நிறுத்துவாங்களாம். உப்பு வண்டி, மிளகு வண்டி, எல்லாம் அப்படியே நிக்குமாம், அவ குடம் காலியாகற வரைக்கும்.

...கயலு?

கயலு கண்ணு?

சரி. 'ம்' நின்னாச்சு, கதையும் நின்னாச்சு. தூங்கு.